சப்பாத்து போட்ட எழுத்து

போன வருட வலயப் போட்டியில், என் தங்கச்சி வேறொரு பாடசாலையின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு எகிறிக் குதித்து ஒரு பந்தைத் தட்டிப் பறித்தாள். அந்த நொடியில்தான் எனக்கு அது தோன்றியது. நான் மைதானத்தின் மறுகோடியில் நின்றிருந்தேன். அவ்வளவு தூரத்தில் அவள் முகமே சரியாகத் தெரியவில்லை. ஆனால் அவள் நெஞ்சிலிருந்த G, D என்ற இரண்டு எழுத்துகளும் பளிச்சென்று தெரிந்தன. துணி கசங்கியது, அவள் பாதி திரும்பினாள், அப்போதும் தெரிந்தன. உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தின் கோடும் முடிகிற இடத்தில் சதுரமாக ஒரு கட்டை இருந்தது.

"எழுத்து சப்பாத்து போட்டிருக்கு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் கடலை தின்றுகொண்டிருந்தவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

வலைப்பந்து தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு அணியில் ஏழு பேர். ஒவ்வொருத்தியும் முன்னும் பின்னும் ஒரு துணியைக் கட்டியிருப்பாள். அதற்கு பிப் என்று பெயர். அதில் இருக்கும் எழுத்துதான் அவள் மைதானத்தில் எதுவரை போகலாம், எங்கே போகக்கூடாது என்பதைச் சொல்லும். GD என்றால் கோல் டிஃபென்ஸ். வளையத்தைச் சுற்றியுள்ள அரைவட்டத்துக்குள் போகலாம். WD என்றால் விங் டிஃபென்ஸ். அந்த அரைவட்டத்துக்குள் கால் வைத்தாலே விசில். ஆகவே நடுவருக்கு முகம் முக்கியமில்லை. எழுத்துதான் ஆள்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலை அணியின் பிப்புகளை டீச்சர் தன் கையாலேயே தைத்திருந்தார். சிவப்புத் துணி, அதன் மேல் மெல்லிய கறுப்பு ரிப்பனை வளைத்து வளைத்து ஒட்டித் தைத்த எழுத்துகள். சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும். ஓடுகிற பிள்ளையின் உடம்பில் அந்த ரிப்பன் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. முதல் பாதியில் தங்கச்சி அரைவட்டத்துக்குள் போகும்போதெல்லாம் விசில். "நீ எது? காட்டு" என்று நடுவர் சிங்களத்தில் கேட்பார். இவள் துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் காட்டுவாள். மூன்று தடவை இப்படி ஆனதும், இடைவேளையில் நடுவர் டீச்சரைக் கூப்பிட்டார். இந்தப் பிப்போடு இரண்டாம் பாதி ஆட முடியாது, வேறு இருந்தால் மாற்றுங்கள் என்றார். வேறு எங்கே இருக்கிறது? எதிரணியே நல்ல மனதோடு வேறு நிறத்தில் இருந்த தங்களுடைய மேலதிகப் பிப்புகளைக் கொடுத்தது. அதில்தான் அவர்கள் பாடசாலையின் பெயரும் இருந்தது, அந்தச் சப்பாத்து எழுத்துகளும் இருந்தன.

தோற்றுத்தான் வந்தோம். வீடு திரும்ப ரத்தோட்டைக்குப் போகிற பஸ்ஸில் தங்கச்சி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"தோத்தது பரவால்ல அண்ணே. அடுத்தவங்க ஸ்கூல் பேரப் போட்டுக்கிட்டு ஆடினேன் பாரு, அதான் ஒரு மாதிரியா இருக்கு. கைதட்டினவங்களுக்கு யாருக்குக் கைதட்டுறோம்னே தெரியல."

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் எனக்கு ஓ.எல். சோதன. அதோட ஆட்டம் முடிஞ்சுச்சு. நீ டீ-சேர்ட் அடிக்கிற கடையில தானே வேல செய்ற? எங்களுக்கு பிப் செஞ்சு குடு. நம்ம பேரோட. தூரத்துல இருந்து தெரியணும். இல்லாட்டி நான் வரவே மாட்டேன்."

"ஒன்னைய மாதிரி மெரட்டுற கஸ்டமர் எங்க கடைக்கு இது வரைக்கும் வந்ததில்ல."

"நான் கஸ்டமர் இல்ல. காசு குடுக்க மாட்டேன்" என்றாள்.

மாத்தளை டவுனில், பிரதான வீதியிலிருந்து ஒரு சந்து உள்ளே, நான் வேலை செய்கிற கடை இருக்கிறது. பேனர், கல்யாணப் பத்திரிகை, டீ-சேர்ட், கோப்பையில் படம் என்று எல்லாம் செய்வோம். கம்ப்யூட்டரில் எழுத்துகளை அடுக்குவது என் வேலை. அடுத்த நாள் காலையில் போய் உட்கார்ந்ததும் முதல் காரியமாக அந்தச் சப்பாத்து எழுத்தின் உண்மையான பெயரைத் தேடினேன். ஸ்லாப் செரிஃப். இவ்வளவு நாள் அதே கம்ப்யூட்டரில் அந்த எழுத்துருக்கள் ஏழெட்டு இருந்திருக்கின்றன. நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை! வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஆங்கில எழுத்துகளில் சில வெறுங்காலோடு நிற்கும். கோடு எங்கே முடிகிறதோ அங்கே அப்படியே முடிந்துவிடும். பஸ் போர்டுகளில், மருந்துக் கடைப் பலகைகளில் பார்ப்பது பெரும்பாலும் அவைதான். சில எழுத்துகள் கூரான குதிகால் செருப்புப் போட்டிருக்கும். கோட்டின் முனையில் மெல்லிசாக ஒரு நுனி நீட்டிக்கொண்டிருக்கும். பாடப் புத்தகத்தில், செய்தித்தாளில் அப்படித்தான். ஸ்லாப் செரிஃப் இரண்டும் இல்லை. மழை நாளில் மலைக்குப் போகிறவர்கள் போடுவார்களே ரப்பர் பூட்ஸ், அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. கோடு எவ்வளவு தடிப்போ கிட்டத்தட்ட அவ்வளவு தடிப்பில் அடியில் ஒரு சதுரக் கட்டை. சேற்றில் வைத்தாலும் வழுக்காது.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் நான் எழுத்துகளின் காலைத்தான் பார்த்தேன். வீட்டுப் பெட்டியில் அப்பாவின் பழைய கடிதம் ஒன்று இருந்தது, தோட்டத்து ஆபிசில் ஆங்கிலத்தில் டைப் அடித்து அவருக்குக் கொடுத்தது. திறந்து பார்த்தால், அட, டைப்ரைட்டர் எழுத்து முழுக்க ஸ்லாப்! டைப்ரைட்டரில் ஒல்லியான i-க்கும் குண்டான m-க்கும் ஒரே அகல இடம்தான். ஒல்லிப் பயலுக்கு அவ்வளவு இடத்தை எப்படி நிரப்புவது? அவனுக்கு ஒரு பெரிய சப்பாத்தைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்பாவோட கடுதாசியில இருக்கிற விஷயத்த விட்டுட்டு எழுத்தோட காலப் பாக்குற" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை நண்பனோடு சீகிரியா போயிருந்தேன். எல்லாரும் மலையைப் படம் எடுத்தார்கள். நான் வெளிநாட்டுக்காரர்களுக்காக வைத்திருந்த கோப்பிக் கடைப் பலகைகளைப் படம் எடுத்தேன். பலகையில் எரித்த மாதிரி ஸ்லாப் எழுத்து. பார்த்தாலே 'வா, உட்கார், அவசரமில்லை' என்று சொல்லுகிற முகம். எனக்கு ஆச்சரியம் அதுதான். இவ்வளவு முரட்டுக் கால் இருந்தும் அந்த எழுத்து மனிதரை மிரட்டுவதில்லை. உரத்த குரலில் பேசுகிற, ஆனால் நல்ல மனமுள்ள ஆள் மாதிரி.

அதனால் எல்லா இடத்துக்கும் அதைக் கூட்டிப் போகலாம் என்று நினைத்துவிட்டேன். அங்கேதான் பிடிபட்டேன். கடைக்கு வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களை ஆங்கிலத்தில் கறுத்த ஸ்லாப்பில் போட்டு முதலாளியிடம் நீட்டினேன். எங்கள் முதலாளி மாத்தளை டவுனிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் மனுசர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பத்திரிகையைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"மகன், இவங்க பொண்ணு குடுக்கிறாங்களா, காணி விக்கிறாங்களா?"

"ஏன் மொதலாளி, தெளிவா இருக்குதானே?"

"தெளிவா இருக்கு. அதான் பயமா இருக்கு. ஏலம் எத்தன மணிக்குன்னு மட்டும்தான் போடல்ல."

சிரித்துக்கொண்டே மாற்றினேன். ஒரு பக்கம் முழுக்கச் சின்ன எழுத்தில் போட்டாலும் தடித்த ஸ்லாப் சரிப்படாது என்பதையும் ஒரு துண்டுப் பிரசுரத்தில் தெரிந்துகொண்டேன். கட்டைகள் எல்லாம் நெருங்கி, வரிகள் முள்வேலி மாதிரி ஆகிவிட்டன. அதற்கு வேண்டியது கொஞ்சம் வார்த்தை, நிறைய இடம், தள்ளி நின்று பார்க்கிற கண். யோசித்துப் பார்த்தால் இது பிப்புக்கென்றே செய்த எழுத்து.

தை மாதம் முடிந்ததும் வேலையைத் தொடங்கினேன். டீச்சரிடம் போய் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் தயங்கினேன். அவர் கண் வலிக்கத் தைத்த எழுத்து அல்லவா. அவரே சிரித்தார். "நான் தச்சது கதவுச் சீலைக்குத்தான் சரி, தம்பி. இந்தாங்க துணி" என்று மஞ்சள் துணி ஒரு கட்டு கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். நடுவர்கள் அளவு பார்ப்பார்கள், எழுத்தின் உயரம் மட்டும் குறையக்கூடாது.

கறுப்பு ஷீட்டை மெஷினில் வெட்டி, துணியில் வைத்து, சூடான தட்டால் அழுத்தினால் எழுத்து ஒட்டிக்கொள்ளும். GS, GK, C எல்லாம் முதல் தடவையிலேயே ஜம்மென்று வந்தன. D-யைப் பார்த்துத்தான் நான் பூரித்துப்போனேன். வெறுங்கால் எழுத்தில் D-யும் G-யும் தூரத்தில் இரண்டு உருண்டை. ஸ்லாப்பில் D-யின் முதுகுப் பக்கம் மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 'நான் உருண்டை இல்லை, எனக்கு முதுகெலும்பு இருக்கிறது' என்று சொல்கிற மாதிரி.

சிக்கல் விங் அட்டாக்கின் WA-யில், அதன் W-யில் வந்தது. அந்த எழுத்து பிறவியிலேயே அகலம். அதன் மூன்று முனையிலும் கட்டை போட்டதும் தனியாகவே பிப்பை நிறைத்துவிட்டது. பக்கத்தில் ஒடுங்கிய D என்றால் இடைவெளியோடு அடங்கியது, அகலமான A-க்கு இடமில்லை. உயரத்தைக் குறைக்கக்கூடாது. சரி, பக்கவாட்டில் இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கினேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. பெயர் நீளமா? அமுக்கு! ஆனால் ஸ்லாப் அதைத் தாங்காது என்று அப்போதுதான் கண்டேன். அமுக்கியதும் நிற்கிற கோடுகள் மெலிந்துவிட்டன. படுக்கிற கட்டைகள் அதே தடிப்பில் இருந்தன. குச்சிக் காலில் அப்பாவின் பூட்ஸைப் போட்ட குழந்தை மாதிரி நின்றது அந்த W.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன மகன், இதுக்கு சாப்பாடு குடுக்கல்லையா?"

"எடம் பத்தல மொதலாளி."

"எடம் பத்தாட்டி ரெண்டு பேரும் கொஞ்சம் ஒட்டி ஒக்காருங்கன்னு சொல்லு. பஸ்ஸுல நாங்க ஒக்கார்ற இல்லையா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லிவிட்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். நான் அதையே செய்தேன். W-யின் கடைசிக் கோடும் A-யின் முதல் கோடும் ஒரே பக்கமாகத்தான் சாய்ந்திருக்கின்றன. A-யின் தலையில் இருந்த கட்டையை எடுத்துவிட்டு, A-யை W-யின் கைக்குள் நுழைத்தேன். இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு கச்சிதமாக உட்கார்ந்தன. அமுக்கவில்லை, உயரம் குறையவில்லை. அன்றைக்கு என்னைப் போல் சந்தோஷமான ஆள் மாத்தளையில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அடியில் பாடசாலையின் பெயரைத் தமிழில், கம்ப்யூட்டரில் இருந்த சாதாரண எழுத்தில் ஒரு வரியாகப் போட்டேன். முன்னுக்கு ஏழு, பின்னுக்கு ஏழு. எல்லாவற்றையும் மேசையில் விரித்துப் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். ஏழு இதயம் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து மைதானத்தில் சோதனை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. நல்லதுதான் என்று நினைத்தேன். பனியில் தெரிந்தால் வெயிலில் தெரியாதா? ஏழு பிள்ளைகளும் பிப்பைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். வாசிக்க ஆள் வேண்டும். எனக்கு எந்த எழுத்து எங்கே என்று மனப்பாடம், என் கண்ணை நம்ப முடியாது. மைதானத்துக்கு மேலே இருக்கும் பாதையில் கோயிலுக்குப் போய்விட்டு அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு யோசனை பளிச்சிட்டது. அவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அப்படியானால் ஊகித்துச் சொல்ல மாட்டார்கள், கண்ணுக்குத் தெரிகிற வடிவத்தைத்தான் சொல்வார்கள்!

"அம்மா, அங்கேயே நில்லுங்க! நான் கையக் காட்டுற புள்ள நெஞ்சுல என்னா இருக்குன்னு சொல்லுங்க!"

"என்னாத்தச் சொல்ல? எனக்கு இங்கிலீசு வருமா?"

"எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க, போதும்!"

அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த அத்தை முந்திக்கொண்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவர் வாய்க்கு எல்லாரும் பயம். "அந்தா ஓடுதே, அதுக்கு ஒரு ஏணி இருக்கு. ரெண்டு காலயும் விரிச்சு வச்ச ஏணி."

A. சரி.

"இந்தப் புள்ளைக்கு ஒரு பாம்பு."

S. சரி.

"அங்கிட்டு நிக்கிறவளுக்கு, ஒருத்தன் கையயும் காலயும் நீட்டி ஒதைக்கிறான்."

K! நான் துள்ளினேன். இவ்வளவு சரியாக எந்த நடுவரும் வாசித்ததில்லை.

"ஒன் தங்கச்சிக்கு மொதல்ல ஒரு காது. பொறகு..." அத்தை கண்ணைச் சுருக்கினார். "பொறகு ஒரு மாசமா இருக்கிற பொம்பள, செவத்துல சாஞ்சுக்கிட்டு நிக்கிறா."

மைதானம் முழுக்கச் சிரிப்பு. பந்தை வைத்திருந்தவள் பந்தைக் கீழே போட்டுவிட்டாள். "அண்ணே, எனக்கு வேற எழுத்து குடு!" என்று தங்கச்சி கத்தினாள். "கோல் டிஃபென்ஸுக்கு வேற எழுத்து இல்ல" என்றேன். "அப்ப அத்தைக்கு வேற கண்ணு குடு!" என்றாள்.

முன்பக்கம் எல்லாம் சரி. "திரும்பி ஓடுங்க" என்றேன். பின்பக்கமும் ஒவ்வொன்றாகச் சரியாக வந்தது, விங் அட்டாக் ஆடுகிற பிள்ளை வரும்வரை. அவள் முதுகில் WA இருக்க வேண்டும்.

"இவளுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அத்தை.

"நல்லாப் பாருங்க அத்த."

"பாத்துட்டேன். சடைதான் இருக்கு. சடைக்கு ரெண்டு பக்கமும் ஏதோ ஒடஞ்ச குச்சி கெடக்கு."

கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு இடுப்பு வரை தொங்குகிற, மூன்று விரல் அகலத்தில் ஒரு பின்னல். முதுகின் நட்டநடுவில் தொங்கியது. நான் பெருமையோடு ஜோடி சேர்த்தேனே W-யையும் A-யையும், சரியாக அந்த இடுக்கின் மேலேயே விழுந்து, இரண்டு எழுத்திலும் ஒவ்வொரு காலை விழுங்கிவிட்டது. மற்றவர்களுக்கு எழுத்து இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்ததால் பின்னல் அதற்குள் போய்விட்டது. ஒற்றை எழுத்தான C-யில்கூட, சடை நடுவை மறைத்தாலும் வலப்பக்கம் மேலும் கீழும் இரண்டு கட்டை வெளியே தெரிந்தன. அத்தை அதை 'அருவா' என்று சரியாகவே சொன்னார். மேசையில் விரித்துப் பார்த்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை. மேசைக்குச் சடை கிடையாது.

"கொண்ட போட்டா சரிதானே?" என்றாள் தங்கச்சி.

அந்தப் பிள்ளை இடுப்பில் கை வைத்தாள். "கொண்ட போட்டா தல கனக்கும், எனக்கு ஓட வராது. எழுத்துக்காக நான் ஒதுங்கணுமா? எழுத்த ஒதுங்கச் சொல்லுங்க அண்ணே."

நியாயமான பேச்சு. ஆனால் எழுத்தை எங்கே ஒதுக்குவது? துணியும் மிச்சமில்லை; டீச்சர் கொடுத்ததில் ஒரே ஒரு பிப்புக்கான துண்டு மட்டும் இருந்தது. போட்டி வெள்ளிக்கிழமை. WA சரியாக இல்லாவிட்டால் நடுவர் மறுபடியும் வேறு பிப் கேட்பார், மறுபடியும் யாரோ ஒரு பாடசாலையின் பெயர்.  அன்றைக்குச் சாயங்காலம் தங்கச்சி பழைய சிவப்புப் பிப்பை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அது எனக்குச் சுருக்கென்றது.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு W-யைப் புதிதாக வரையத் தொடங்கினேன். கம்ப்யூட்டரில் இருந்த எழுத்தை அமுக்காமல், முதல் கோட்டிலிருந்து நானே. நடுமுனையின் கட்டையை எடுத்தேன். வெளிமுனைகளின் கட்டைகளை உள்பக்கம் மட்டும் வெட்டிக் குறைத்து, வெளிப்பக்கம் அப்படியே விட்டேன். சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்தினேன், கோட்டின் தடிப்பில் கை வைக்கவில்லை. A-யையும் அப்படியே, உள்கால் கட்டை குட்டை, வெளிக்கால் கட்டை முழுசு. நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு வெறும் மஞ்சள். பின்னலுக்கு ஒரு பாதை. ஒரு எழுத்துருவை யாரோ எங்கேயோ செய்து அனுப்புவார்கள், நாம் எடுத்துப் போட வேண்டியதுதான் என்று நினைத்திருந்தவன் நான். அதன் சப்பாத்தை நாமே வெட்டித் தைக்கலாம் என்று தெரிந்தபோது உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு.

கடைசித் துண்டுத் துணியில் அதை வைத்துச் சூட்டுத் தட்டை இறக்கும்போது முதலாளியும் வந்து பக்கத்தில் நின்றார். தட்டைத் தூக்கியதும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப இது நல்லா சாப்பிட்டீக்கி" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை. முதல் ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் எங்கள் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து நகத்தைப் பார்த்தார், பிறகு பிப்பைப் பார்த்தார். முன்னால் வந்தார். பின்னால் போனார். விங் அட்டாக் பிள்ளையின் பின்னால் நின்றுவிட்டார்.  அவர் அந்தப் பின்னலைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி விட்டார். அது சரியாகப் பாதையில் போய் விழுந்தது. நடுவர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில், "சடைக்குமா அளவெடுத்தீங்க?" என்று டீச்சரிடம் கேட்டார். டீச்சர் என் பக்கம் கையைக் காட்டினார்.

ஆட்டத்தில் ஒரு தடவைகூட எழுத்துக்காக விசில் ஊதவில்லை. தங்கச்சி அரைவட்டத்துக்குள் போனாள், வந்தாள், போனாள். யாரும் 'நீ எது' என்று கேட்கவில்லை. பத்து நிமிடம் போனதும் ஒரு விசில். நடுவர் கையை நீட்டி, "ஜீ.டீ., கொன்டாக்ட்!" என்றார். அவள் எதிரணிப் பிள்ளையை இடித்துவிட்டாள். உண்மையாகவே இடித்தாள், நானும் பார்த்தேன். மைதானத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்த நடுவர், அத்தனை பேருக்கு நடுவில், அவளை அவளாகவே பிடித்துவிட்டார்! நான் கைதட்டினேன்.

இடைவேளையில் தண்ணீர் போத்தலோடு வந்தவள் முறைத்தாள். "தங்கச்சிக்கு விசில் ஊதினதுக்குக் கைதட்டுற ஒரே அண்ணன் நீதான்."

"ஒன் எழுத்து தெரிஞ்சிச்சு."

"தெரிஞ்சிச்சு, தெரிஞ்சிச்சு" என்றாள். பிறகு போத்தலை மூடிக்கொண்டே குனிந்து நெஞ்சில் இருந்த பெயரைப் பார்த்தாள், ஒரு விரலால் தடவிவிட்டு ஓடிப்போனாள்.

முதல் ஆட்டம் வென்றோம். இரண்டாவதில் ஒரு டவுன் பாடசாலையிடம் தோற்றோம். வெல்லும்போதும் தோற்கும்போதும் எங்கள் பிப்போடுதான். வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஏழு பேரும் பிப்பைக் கழற்றவே இல்லை. உக்குவளை பக்கத்துப் பாடசாலை ஒன்றின் டீச்சர் தங்களுக்கும் ஒரு செட் வேண்டுமென்று கேட்டு என் நம்பரை வாங்கியிருந்தார். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா பிப்பைத் துவைக்க எடுத்தவர், கொடியில் போடும்போது நின்று பார்த்தார்.

"இந்த இங்கிலீசு எழுத்தெல்லாம் அன்னைக்கு மேல்பாதையில இருந்தே எனக்குத் தெரிஞ்சிச்சு. எனக்கு வாசிக்கத் தெரிஞ்சது கீழ இருக்கிற நம்ம ஸ்கூல் பேருதான். அது மட்டும் இந்தா, இப்ப, கைக்கு வந்தப்பறம்தான் தெரியுது."

நான் எட்டிப் பார்த்தேன். மேலே கறுத்த பூட்ஸ் போட்ட G, D. அடியில் எங்கள் பெயர், மெல்லிசாக, வெறுங்காலோடு. தூரத்தில் இருந்து தெரியணும் என்று தங்கச்சி முதலில் கேட்டதே அந்தப் பெயரைத்தானே!

அன்றிலிருந்து தமிழ் எழுத்துக்குச் சப்பாத்து தைத்துக்கொண்டிருக்கிறேன். தேடிப் பார்த்தேன், எனக்குப் பிடித்த மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. கட்டம் போட்ட கொப்பி ஒன்று பாதி முடிந்துவிட்டது. ட சுலபம், அது ஏற்கெனவே தரையோடு தரையாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, தலைக்கு ஒரு கட்டை கொடுத்தால் போதும். ப-வும் அப்படியே, இரண்டு கைக்கும் இரண்டு. ஆனால் த-வின் வாலில் கட்டை வைத்தால் தவளையை விழுங்கிய பாம்பு மாதிரி ஆகிறது. ன-வின் சுழிக்குள் எங்கே வைப்பது? அங்கே கோடு முடிவதே இல்லை, சுற்றிக்கொண்டு தன்னிடமே வந்துவிடுகிறது. ஆங்கிலச் சப்பாத்தை அப்படியே மாட்டினால் சரிவராது. சுழியை விட்டுவிட்டு, நேராக இறங்கி நிற்கிற காலுக்கு மட்டும் போட்டால்? அதுதான் இப்போதைய எண்ணம். முழுசாக வரைந்து முடிக்க க-வைத்தான் முதலில் எடுத்திருக்கிறேன், கஷ்டமானது அதுதான் என்பதால்.

தங்கச்சி இனி ஆட மாட்டாள். கீழ் வகுப்புப் பிள்ளைகள் அதே பிப்பைக் கட்டுவார்கள். அதற்குள் அடிவரியை மாற்றிவிட வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை க-வை ஒரு சாண் உயரத்தில் வெட்டி, மஞ்சள் துணியில் ஒட்டி, வீட்டுக்குப் பின்னால் கொடியில் போடப்போகிறேன். பிறகு மேல்பாதைக்கு ஏறி அத்தையைக் கூப்பிட வேண்டும். இந்தத் தடவை அவருக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து. என்ன வடிவம் என்று கேட்க மாட்டேன். என்ன எழுத்து என்று கேட்பேன்.